எடை குறைய வேண்டும் என்று ஆசைப்படுவதில் என்ன வெட்கம்?

கேள்வி:

எனக்கு 41 வயது. உயரம் 158 செ.மீ., எடை 78 கிலோ. நாள் முழுக்க உட்கார்ந்து செய்யும் வேலை. இரண்டு பிள்ளைகள். குண்டாக இருப்பதைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், "நான் இப்படித்தான், எனக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை" என்று பல வருடங்களாகச் சொல்லி வருகிறேன். உடம்பைக் கேலி செய்பவர்களிடம் சண்டையும் போட்டிருக்கிறேன். என் தோழிகள் அதற்காகவே என்னை மதிக்கிறார்கள்.

ஆனால் வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு எடை மெஷினில் ஏறிப் பார்க்கிறேன். எடை குறைக்கும் வழிகளைப் போனில் தேடிவிட்டு, தேடியதை அழித்துவிடுகிறேன். எடை குறைக்கும் ஊசிகள் பற்றியும் படித்தேன். மனதுக்குள் 55 கிலோ என்று ஒரு கணக்கு இருக்கிறது. கல்யாணத்தின்போது இருந்த எடை அது.

போன மாதம் ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரி சர்க்கரை 6.1 என்று வந்தது. எடையைக் குறைக்கச் சொன்னார் மருத்துவர். மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்க்கலாம் என்றார். அதைக் கேட்டதும் பயம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது நிம்மதி. இனி எடை குறைக்க ஒரு காரணம் கிடைத்துவிட்டது, யாரும் எதுவும் சொல்ல முடியாது என்கிற நிம்மதி. அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இத்தனைக்கும் நான் அதிகமாகச் சாப்பிடுகிறவள் இல்லை. காலையில் பல நாள் சாப்பிடுவதே கிடையாது. நான் நிஜமாகவே எடை குறைய விரும்புகிறேனா? இல்லை, என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருக்கிறேனா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் எழுதியதில் என்னை நிறுத்தி வைத்தது அந்த நிம்மதிதான். உணவியல் ஆலோசகராக இருக்கும் என்னிடம், மருத்துவர் அனுப்பி வருகிறவர்களில் பலருக்கு இது உண்டு. வாய்விட்டுச் சொல்கிறவர்கள் குறைவு. நீங்கள் சொல்லிவிட்டீர்கள். ஆகவே உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்கிறேன். ஆமாம், நீங்கள் நிஜமாகவே விரும்புகிறீர்கள். இன்று நேற்று இல்லை, வெகு நாளாக விரும்புகிறீர்கள். அதற்கு ஓர் அனுமதி தேவைப்பட்டது. 6.1 என்ற எண் வந்து அந்த அனுமதியைக் கொடுத்தது.

அந்த அனுமதி உங்களுக்கு ஏன் தேவைப்பட்டது என்பதைத்தான் கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். எனக்குத் தெரிந்து இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, சொல்லிவிட்டு முடியாமல் போனால் என்ன செய்வது என்கிற பயம். "எடையைக் குறைக்கப் போகிறேன்" என்று சொன்ன நாளிலிருந்து நாம் தட்டில் எடுத்துவைப்பதை எல்லாம் மற்றவர்கள் கண்காணிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஒரு துண்டு இனிப்பை எடுத்தால், "நீதான் குறைக்கிறேன்னு சொன்னியே?" என்பார்கள். யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தால் தோற்றாலும் யாருக்கும் தெரியாது. இரண்டாவது, உங்கள் விஷயத்தில் இது இன்னும் பெரியது என்று நினைக்கிறேன். உடம்பைக் கேலி செய்பவர்களுக்கு எதிராக இத்தனை வருடம் நின்றுவிட்டு, இப்போது எடையைக் குறைத்தால் அவர்கள் சொன்னது சரி என்று ஆகிவிடுமோ என்று தோன்றுகிறது. தோழிகள் மதிக்கிற அந்தப் பெண்ணை நீங்களே கைவிடுவது போலத் தோன்றுகிறது.

அப்படி ஆகாது. நீங்கள் எதிர்த்தது, ஒருவரின் எடையை வைத்து அவருக்கு எவ்வளவு மரியாதை தருவது என்று முடிவுசெய்யும் வழக்கத்தை. அதை எதிர்த்தது சரிதான். உடம்பைச் சொல்லிக் குத்திக்காட்டினால் எடை குறையும் என்பதற்கு ஆதாரம் இல்லை. எடைக்காக அவமானப்படுத்தப்படுகிறவர்களுக்கு நாளடைவில் எடை கூடும் வாய்ப்பே அதிகம் என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே அந்தச் சண்டையை விட வேண்டாம். 78 கிலோவில் உங்களுக்கு உரிய மரியாதை வேறு, 72 கிலோவில் உரிய மரியாதை வேறு இல்லை. அதே மரியாதையோடு, முட்டி வலிக்காமல் இருக்க வேண்டும், சர்க்கரை நோய் வராமல் இருக்க வேண்டும், பிடித்த உடை பொருந்த வேண்டும் என்று ஆசைப்படுவதற்கும் உங்களுக்கு உரிமை உண்டு. "எனக்கு ஒரு வருத்தமும் இல்லை" என்ற வாக்கியத்தை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். "என் உடம்பைப் பற்றி நீங்கள் பேச வேண்டாம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். கேலிக்கும் அது பதில். அதில் பொய்யும் இல்லை.

அடுத்து, இந்த ஆசைக்குள் என்னென்ன கலந்திருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நான் வழக்கமாகக் கேட்கும் இரண்டு கேள்விகளை உங்களிடமும் கேட்கிறேன். உங்கள் சர்க்கரை சரியாகிவிடுகிறது, படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை, ஆனால் வெளித்தோற்றம் இம்மி கூட மாறவில்லை, யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அதற்காக நீங்கள் பாடுபடுவீர்களா? இப்போது இதையே திருப்பிப் போடுங்கள். தோற்றம் நீங்கள் விரும்பியபடி மாறிவிடுகிறது, ஆனால் ரத்தப் பரிசோதனையில் ஒரு மாற்றமும் இல்லை. அதற்காகப் பாடுபடுவீர்களா? இரண்டுக்கும் உடனே மனதில் வருகிற பதிலைப் பாருங்கள். நல்ல பதிலாக இருக்க வேண்டும் என்று தேடாதீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு "ஆமாம்" என்று வந்தால் பதறாதீர்கள். அழகாகத் தெரிய வேண்டும் என்பது மனித ஆசை, அதில் குற்றம் எதுவும் இல்லை. தோற்றத்துக்காக விரும்புகிறவர் தனக்குத்தானே "ஆரோக்கியத்துக்காக" என்று சொல்லிக்கொண்டால் வேறொரு சிக்கல் வருகிறது. மூன்று மாதத்தில் 4 கிலோ குறைந்து, சர்க்கரை 5.6-க்கு வந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மருத்துவ ரீதியில் அது அருமையான முடிவு. ஆனால் கண்ணாடியில் பெரிய மாற்றம் தெரியாது. எதற்காகத் தொடங்கினோம் என்பது தெளிவாக இல்லாதவர், "என்ன செய்தும் பிரயோஜனம் இல்லை" என்று அந்த இடத்தில் விட்டுவிடுவார். தன் ஆசை எது என்று தெரிந்தவருக்கு, கிடைத்தது எது, இன்னும் கிடைக்காதது எது என்று தனித்தனியாகப் பார்க்க முடியும்.

இங்கேதான் உங்கள் 55 கிலோ வருகிறது. 78-லிருந்து 55 என்றால் 23 கிலோ. உங்கள் இப்போதைய எடையில் கிட்டத்தட்ட முப்பது சதவீதம். சாப்பாட்டையும் நடையையும் மட்டும் மாற்றி அவ்வளவு குறைத்து, அப்படியே வைத்துக்கொள்கிறவர்கள் மிகவும் குறைவு. முடியாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த எண்ணை உங்களுக்குக் கொடுத்தது மருத்துவர் இல்லை, பழைய புகைப்படம். உங்களுக்கு எது பயன் தரும் என்று கேட்டால், அமெரிக்காவில் நடந்து 2002-ல் முடிவு வெளியான ஒரு பெரிய ஆய்வைச் சொல்வேன். உங்களைப் போலச் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 3,234 பேர் அதில் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினருக்கு எடையில் 7 சதவீதம் குறைப்பதும், வாரம் 150 நிமிடம் வேகமாக நடப்பது போன்ற உடற்பயிற்சியும் இலக்கு. அவர்களுக்குச் சராசரியாகக் குறைந்தது 5.6 கிலோ. ஒப்பீட்டுப் பிரிவோடு பார்க்கும்போது அவர்களுக்குச் சர்க்கரை நோய் வந்தது 58 சதவீதம் குறைவு. மாத்திரை எடுத்துக்கொண்ட பிரிவில்கூட அது 31 சதவீதம்தான். உங்களுக்கு 7 சதவீதம் என்றால் ஐந்தரைக் கிலோ. முட்டிக்கும் அது பெரிய விஷயம். ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முட்டியில் இறங்கும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது.

ஐந்தரைக் கிலோ என்று படித்தவுடன் மனதில் ஒரு ஏமாற்றம் எழுந்ததா? எழுந்திருந்தால் அதையும் குறித்து வையுங்கள். தோற்றத்தைப் பற்றிய ஆசை எவ்வளவு பெரியது என்பதை அந்த ஏமாற்றம் சொல்லிவிடும்.

சரி, இப்போது கொஞ்சம் கடினமான பகுதி. "நான் அதிகமாகச் சாப்பிடுகிறவள் இல்லை" என்கிறீர்கள். நீங்கள் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அது சரியான கணக்கா என்பது வேறு கேள்வி.

1992-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஒரு நாளைக்கு 1,200 கலோரிக்கும் குறைவாகத்தான் சாப்பிடுகிறோம், ஆனாலும் எடை குறையவில்லை என்று சொன்ன பத்துப் பேரை எடுத்துக்கொண்டார்கள். ஐசோடோப்பு (உடலில் தனியாக அடையாளம் காணக்கூடிய அணு வகை) கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, பிறகு சிறுநீரைச் சோதித்தால், அந்த நாட்களில் உடல் எவ்வளவு ஆற்றல் செலவழித்தது என்று கணக்கிட முடியும். ஒருவர் சொல்வதை நம்பி இருக்க வேண்டியதில்லை. அப்படிப் பார்த்தபோது, அவர்களுடைய உடல் ஆற்றலைச் செலவழிக்கும் வேகத்தில் குறை எதுவும் தெரியவில்லை. அவர்கள் எழுதிக் கொடுத்த உணவு, உண்மையில் சாப்பிட்டதைவிடச் சராசரியாக 47 சதவீதம் குறைவாக இருந்தது. உடல் உழைப்பை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். ஏமாற்ற வேண்டும் என்று வந்தவர்கள் இல்லை அவர்கள். ஏன் எடை குறையவில்லை என்று உண்மையாகவே குழம்பி, உதவி தேடி வந்தவர்கள். உணவியல் படித்தவர்களிடம் சோதித்தபோதுகூட, குறைத்து எழுதும் இந்தப் பழக்கம் இருந்தது. மற்றவர்களைவிட அளவு கம்மி, அவ்வளவுதான்.

ஏன் இப்படி ஆகிறது? தட்டு போட்டு உட்கார்ந்து சாப்பிடுவதைத்தான் நம் மனம் "சாப்பாடு" என்று கணக்கில் வைத்துக்கொள்கிறது. சமைக்கும்போது ருசி பார்த்தது, பிள்ளைகள் மிச்சம் வைத்ததை வீணாக்க மனமில்லாமல் வாயில் போட்டது, வேலைக்கு நடுவே குடித்த சர்க்கரை போட்ட பானம், போனைப் பார்த்துக்கொண்டே கொறித்தது, இதெல்லாம் நினைவில் தங்குவதில்லை. எண்ணெயின் அளவு யாருக்கும் தெரிவதில்லை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி இருக்கிறது. காலைச் சாப்பாட்டை விட்டதோ நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அதற்குக் கஷ்டப்பட்டிருக்கிறோம். மதியத்துக்கு மேல் வந்த பசியில் அதற்கும் சேர்த்துச் சாப்பிட்டது நினைவில் நிற்பதில்லை.

ஆகவே உங்களுக்கு நான் தரும் முதல் வேலை இது. ஒரே ஒரு வாரம், எதையும் மாற்றாமல், வாயில் போகிற எல்லாவற்றையும் எழுதுங்கள். குறைக்க வேண்டாம், நல்ல பிள்ளையாக இருக்க வேண்டாம். சாப்பிட்ட பிறகு எழுதினால் மறதி வந்துவிடும், அதனால் வாயில் போடும் முன்பே எழுதுங்கள், அல்லது ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். கலோரி கணக்கெல்லாம் இப்போது வேண்டாம். என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு, அப்போது பசித்ததா என்பது போதும். இதை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. முக்கியமாக, எழுதப் பிடிக்காத ஒன்று வரும். "இது ஒன்றுதானே, இதை எழுத வேண்டாமே" என்று கை தயங்கும். அதை விடாமல் எழுதுங்கள். அந்த வாரத்தில் உங்களுக்கு அதிகம் சொல்லித்தரப் போவது அந்த ஒரு வரிதான்.

இதைச் சொன்னவுடன், "அப்போ எல்லாம் என் தப்புதான்" என்று நீங்கள் முடிவுக்கு வந்துவிடுவீர்களோ என்று எனக்குக் கவலை. உங்களைத் திட்டிக்கொள்வதும் பொய்க்கணக்குதான். எடையில் நம் கையில் இல்லாத பங்கு நிறைய இருக்கிறது. டென்மார்க்கில் தத்தெடுக்கப்பட்டு வளர்ந்தவர்களை ஆராய்ந்த ஓர் ஆய்வு 1986-ல் வெளியானது. அவர்களுடைய எடை, பெற்றவர்களின் எடையோடு ஒத்துப்போனது. அவர்களை வளர்த்து, தினமும் சாப்பாடு போட்டவர்களின் எடையோடு ஒத்துப்போகவில்லை. எடை குறையும்போது உடல் சும்மா இருப்பதும் இல்லை. கொழுப்பு குறைந்தால், கொழுப்பில் சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனும் குறைகிறது. மூளை அதைப் பட்டினி என்று எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டுகிறது, ஆற்றல் செலவைக் குறைக்கிறது. அமெரிக்காவில் எடைக் குறைப்புத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் கலந்துகொண்டு மிக வேகமாக எடை குறைத்த 14 பேரை ஆறு வருடம் கழித்துச் சோதித்த ஆய்வு 2016-ல் வெளியானது. குறைந்த எடையில் பெரும்பகுதி அவர்களுக்குத் திரும்பி வந்திருந்தது. ஆனாலும் அவர்களுடைய உடல், அந்த எடைக்கு எதிர்பார்க்கப்படுவதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே செலவழித்துக்கொண்டிருந்தது.

1944-45-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் ஆய்வாளர் நடத்திய சோதனையும் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு. எடையில் நான்கில் ஒரு பங்கு குறைந்தது. கூடவே, சாப்பாட்டைத் தவிர வேறு நினைவே அவர்களுக்கு இல்லாமல் போனது. சமையல் புத்தகங்களைச் சேகரித்துப் படித்தார்கள், எரிச்சலும் சோர்வுமாக இருந்தார்கள். அவர்கள் மன உறுதி இல்லாதவர்கள் கிடையாது, தாங்களாக முன்வந்து அந்தச் சோதனையில் சேர்ந்தவர்கள். கடுமையான பத்தியம் இருந்து, மூன்றாவது வாரம் இரவில் சமையலறையில் நின்று சாப்பிட்டுவிட்டு, "எனக்குக் கட்டுப்பாடு இல்லை" என்று என்னிடம் அழுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். பட்டினி போட்டால் எந்த உடலும் இப்படித்தான் நடந்துகொள்ளும். காலைச் சாப்பாட்டை நீங்கள் விடுவதையும் இந்த வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மருத்துவரிடமும் ஒன்று கேட்டுவிடுங்கள். தைராய்டு குறைவு, சினைப்பை நீர்க்கட்டி போன்றவை எடையோடு தொடர்புடையவை. ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், வலிப்புக்கான வால்ப்ரோயேட் போன்றவையும் எடையைக் கூட்டும். இவற்றில் எதையாவது எடுத்துக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாற்று இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஆக, உங்களுக்கு ஆசை இருக்கிறது. அந்த ஆசைக்கு ஈடாக எதைக் கொடுக்கச் சம்மதம் என்பதுதான் இனிக் கேட்க வேண்டிய கேள்வி. எடை குறைந்த நிலையில் இருக்க எல்லோருக்கும் பிடிக்கும். அந்த நிலைக்குப் போகிற வழியில் வரும் சாதாரண வார நாள் மாலைகள்தான் பிடிக்காது. களைத்து வீட்டுக்கு வந்து, பிள்ளைகளின் வேலைகள் முடிந்து, எல்லோரும் தூங்கிய பிறகு கிடைக்கும் அந்த அரைமணி நேரம் உங்களுக்கு எப்படிப் போகிறது என்று யோசியுங்கள். நாள் முழுக்கக் கிடைக்காத ஓய்வு அப்போதுதான் கிடைக்கிறது என்றால், கூடவே ஏதாவது கொறிப்பதும் அந்த ஓய்வின் ஒரு பகுதியாக இருக்கலாம். அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதை வைப்பீர்கள்? ஒன்றும் வைக்காமல் எடுக்கிறவர்கள் சில வாரங்களில் பழையபடி திரும்பிவிடுகிறார்கள். நடப்பதற்கு நாளில் அரைமணி நேரம் வேண்டும் என்றால், அது எங்கிருந்து வரும்? வீட்டு வேலையில் எதை யார் எடுத்துக்கொள்வார்கள்? இதைப் பேசாமல் போடும் எந்தத் திட்டமும், உங்கள் தூக்கத்திலிருந்துதான் அந்த நேரத்தை எடுக்கும். தூக்கம் குறைந்தால் பசி கூடும்.

இதையெல்லாம் எண்ணிப் பார்த்துவிட்டு, "இப்போது என்னால் முடியாது" என்று நீங்கள் முடிவுசெய்தால், அதையும் நான் மதிப்பேன். அது தோல்வி ஆகாது. ஆனால் அதைத் தெளிவாக முடிவுசெய்யுங்கள். "இந்த ஆறு மாதம் குறைக்க முயல மாட்டேன், ஆனால் 78-ஐத் தாண்ட விட மாட்டேன், வாரத்தில் ஐந்து நாள் நடப்பேன், சர்க்கரையைத் தவறாமல் பரிசோதிப்பேன்" என்பது ஒரு திட்டம்தான். எடை இறங்காவிட்டாலும் நடைப்பயிற்சி சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நல்லதே செய்யும். குறைக்கப் போவதும் இல்லை, குறைக்க மாட்டேன் என்று ஒப்புக்கொள்வதும் இல்லை, தினமும் குற்ற உணர்ச்சி மட்டும் மிச்சம் என்ற நிலையில் வருடக்கணக்கில் இருக்க வேண்டாம் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் இப்போது இருப்பது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

ஊசிகளைப் பற்றிப் படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். தேடியதை அழிக்க வேண்டிய விஷயம் இல்லை அது. எடைக் குறைப்புக்கென்று 2021-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செமாக்ளூடைட் என்ற ஊசி மருந்து, அதன் முக்கியமான ஆய்வில் 68 வாரங்களில் சராசரியாக 15 சதவீதம் அளவுக்கு எடையைக் குறைத்தது. இத்தகைய மருந்துகள் பசியைக் குறைப்பதால் உதவுகின்றன. குறுக்கு வழி, ஏமாற்று வேலை என்றெல்லாம் அவற்றைப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அதேசமயம், நிறுத்திய பிறகு ஒரு வருடத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது என்பதும் ஆய்வில் தெரிந்ததுதான். குமட்டல், மலச்சிக்கல் போன்ற தொந்தரவுகளும் பலருக்கு வருகின்றன. நீண்ட காலம் எடுத்துக்கொள்ளச் சம்மதமா, செலவு கட்டுப்படியாகுமா, உங்களுக்குப் பொருந்துமா என்று உங்கள் மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். அவர் பரிந்துரைக்காமல், தெரிந்தவர் மூலமாகவோ இணையத்திலோ வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம். இன்னொன்றும் கவனியுங்கள். அந்த ஊசியாலேயே சராசரியாக 15 சதவீதம்தான் குறைந்தது. உங்கள் 55 கிலோ கேட்பது அதைப்போல இரண்டு மடங்கு.

இரவில் மெஷினில் ஏறுவதை நிறுத்திவிடுங்கள். அன்று குடித்த தண்ணீர், சாப்பிட்ட உப்பு, மாதவிடாய் நாட்கள், மலச்சிக்கல் எல்லாம் சேர்ந்து ஒரே நாளில் ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்கும். இரவில் தெரியும் எண் பெரும்பாலும் காலையில் தெரிவதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு வருத்தத்தோடு படுக்கப் போகிறீர்கள். பார்க்க வேண்டும் என்றால் காலையில், கழிப்பறைக்குப் போய்வந்த பிறகு, வாரத்தில் ஒரு நாள் பாருங்கள், எழுதி வையுங்கள். நான்கு வாரத்து எண்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். விளக்கைப் போட்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஏறுங்கள். யாராவது பார்த்தால் பார்க்கட்டும்.

ஒரே ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள் என்பேன். எல்லோரிடமும் வேண்டாம். கண்காணிக்காத ஒருவர் போதும். கணவராக இருக்கலாம், அந்தத் தோழிகளில் ஒருவராக இருக்கலாம். "எனக்கு எடை குறைய ஆசையாக இருக்கிறது, ரொம்ப நாளாகவே. அறிவுரை வேண்டாம், நான் சாப்பிடுவதைப் பற்றிப் பேச வேண்டாம். சாயங்காலம் அரைமணி நேரம் நடக்க எனக்கு நேரம் மட்டும் வேண்டும்" என்று கேளுங்கள். சர்க்கரையைக் காரணமாகச் சொல்லாமல் கேட்க முடிகிறதா என்று பாருங்கள். முதல் முறை கஷ்டமாகத்தான் இருக்கும்.

ஒரு விஷயத்தை மட்டும் நீங்கள் எழுதவில்லை, நான் கேட்டுவிடுகிறேன். இரவில் யாருக்கும் தெரியாமல், நிறுத்த முடியாத அளவுக்கு நிறையச் சாப்பிடுவது, பிறகு வெறுப்பில் வாந்தி எடுப்பது, அல்லது மறுநாள் முழுப் பட்டினி கிடப்பது உண்டா? அப்படி அடிக்கடி நடந்தால், எடையைக் குறைக்கும் வேலையை இப்போது தொடங்க வேண்டாம். உணவு எழுதும் அந்த வாரத்தையும் தள்ளிவையுங்கள். அது தனியான ஒரு நோய், சிகிச்சை இருக்கிறது. மனநல மருத்துவர் ஒருவரைப் பார்ப்பதுதான் முதல் படி. உங்கள் மருத்துவரே அனுப்பி வைப்பார்.

அப்படி எதுவும் இல்லை என்றால், வருகிற வாரம் எழுதத் தொடங்குங்கள். அந்த ஏழு நாள் பக்கங்களோடு ஓர் உணவியல் ஆலோசகரைப் பாருங்கள். எழுதியதிலிருந்து இரண்டே இரண்டு மாற்றங்களை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், உங்களால் ஒரு வருடம் கழித்தும் செய்ய முடிகிற இரண்டு. பெரிய பட்டியல் கொடுத்தால் வாங்க வேண்டாம். மூன்று மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போகும்போது, உங்கள் மனதில் இருந்த 55-ஐப் பற்றியும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் சொல்லும் எண்ணையும் உங்கள் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பேசி, அடுத்த ஆறு மாதத்துக்கு ஒன்றை முடிவுசெய்துகொண்டு வாருங்கள்.